திறந்தவெளி ஆமை அடைப்பு: உயிருக்கு உலை வைக்கும் தவறுகள்

நில ஆமைக்கு வெளியே அடைப்பு கட்டுபவர்கள் பெரும்பாலும் நின்றபடியே பார்த்து, நின்றபடியே திருப்திப்பட்டுவிடுகிறார்கள். ஆமையின் கண் தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அந்த மட்டத்துக்குக் குனிந்து பார்த்தால்தான் கதவடியில் உள்ள சந்து, சுவரோரம் இளகிக் கிடக்கும் மண், நண்பகலில் நிழலே விழாத மூலை எல்லாம் கண்ணில் படும். கட்டி முடித்ததும் ஒருமுறை தரையில் உட்கார்ந்து பாருங்கள்.

பலர் முதலில் சறுக்குவது வேலியில். கம்பிவலை மலிவு, காற்றோட்டமும் இருக்கும் என்று அதையே சுற்றிக் கட்டுவார்கள். வெளியே இருப்பது கண்ணுக்குத் தெரிந்தால், அங்கே போக வழியும் உண்டு என்றே ஆமை எடுத்துக்கொள்ளும். நாள் முழுக்க வலையோரமாகவே நடக்கும். மூக்கு தேயும்வரை உரசும். கண்ணிக்குள் தலையையோ காலையோ விட்டுச் சிக்கிக்கொள்ளும். நகத்தைக் கோத்து ஏறி அந்தப் பக்கம் விழும். சுவர் மறைப்பாக இருக்க வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக், கெட்டியான மரப்பலகை எதுவானாலும் சரி. உயரம் ஓட்டின் நீளத்தைப் போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும்; 20 செ.மீ. நீள ஆமைக்கு 40 முதல் 45 செ.மீ. வேண்டும்.

அந்த உயரமும் மூலையில் போதாது. இரண்டு சுவரிலும் கால் ஊன்றி ஆமை மேலே ஏறுவது அங்கேதான். மூலைக்கு மேல் 10 முதல் 15 செ.மீ. அகலப் பலகை ஒன்றை உள்பக்கம் நீட்டிப் பொருத்துங்கள். சுவரோரம் கல்லோ மரக்கட்டையோ கிடந்தால் அதுவே ஏறுபடி ஆகிவிடும். அவற்றை நடுப்பகுதிக்கு நகர்த்துங்கள்.

மண்ணுக்கு அடியிலும் வேலி வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். சுவரைக் குறைந்தது 30 செ.மீ. ஆழம் இறக்குங்கள். அது முடியாத இடத்தில் வெல்டு மெஷ்ஷை (பற்றவைத்த கெட்டிக் கம்பிவலை) ‘ட’ வடிவில் வளைத்து, அடிப்பாகம் உள்பக்கம் 30 செ.மீ. நீளும்படி புதைத்து, மேலே தளக்கல் பரப்பலாம். ரஷ்ய ஆமை சிறியதுதான், ஆனால் தோண்டுவதில் கெட்டிக்காரன். ஆப்பிரிக்காவின் பெரிய நில ஆமையான சல்காட்டாவின் கதையே வேறு. அது பல மீட்டர் நீளத்துக்கு வளை தோண்டும். வளர்ந்த ஆண் 50 கிலோ எடையையும் எட்டும். பலகை வேலியை முட்டியே சாய்த்துவிடும். அதற்கு அஸ்திவாரம் போட்ட கட்டுச்சுவர் தவிர வேறெதுவும் நிற்காது. கையகலக் குஞ்சாக வாங்கும்போதே இதை யோசித்துவிட வேண்டும்.

வெயில்தான் மிக வேகமாக உயிரைப் பறிப்பது. ஆமைக்கு வியர்க்காது; உடல் சூடேறினால் நிழலுக்குப் போவதுதான் அதற்கு முக்கிய வழி. போக நிழல் இல்லையென்றால் தப்பிக்க முடியாது. கண்ணாடித் தொட்டியிலோ பிளாஸ்டிக் பெட்டியிலோ வைத்து ‘கொஞ்ச நேரம் வெயில் காயட்டும்’ என்று வெளியே விடுவது கொடுமை. உள்ளே வெப்பம் சிறிது நேரத்திலேயே எல்லை தாண்டிவிடும். கண்ணாடி புற ஊதா-பி கதிரையும் தடுத்துவிடுவதால், வெளியே வைத்ததன் பயனும் கிடைக்காது. ஓடு உறுதியாக வளரத் தேவையான டி3 வைட்டமின் உண்டாவது அந்தக் கதிரால்தான்.

நிழல் இருக்கிறதா என்று காலையில் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுவதும் தவறு. காலை 9 மணி நிழல் பிற்பகல் 2 மணிக்கு அடைப்புக்கு வெளியே விழுந்துகொண்டிருக்கலாம். காலை, நண்பகல், பிற்பகல் என மூன்று வேளையும் நிழலின் எல்லையில் குச்சி நட்டுப் பாருங்கள். எந்த நேரத்திலும் தரையில் மூன்றில் ஒரு பங்காவது நிழலில் இருக்க வேண்டும். தகரக் கூரை தானே கொதித்து அந்த வெப்பத்தைக் கீழே இறக்கும். அடர்ந்த புதரின் நிழல் அதைவிட எவ்வளவோ மேல். வெப்பமானியைச் சுவரில் தொங்கவிடாமல் தரை மட்டத்தில், வெயிலில் ஒன்று நிழலில் ஒன்று என வையுங்கள். நிழலிலேயே 40 டிகிரி செல்சியஸை நெருங்கினால் ஆமையை உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றியாக வேண்டும்.

மல்லாந்து விழுவதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஆமையின் நுரையீரல் மேலோட்டுக்கு அடியில் இருக்கிறது. மல்லாந்து கிடந்தால் வயிற்றுக்குள் உள்ள உறுப்புகள் அதன் மேல் அழுத்தும், மூச்சு திணறும். வெயிலும் சேர்ந்தால் உயிர் தாங்காது. வழுவழுப்பான சிமென்ட் தளத்தில் காலுக்குப் பிடிமானம் கிடைக்காது. மண்ணும் புல்தூரும் புரண்டு எழ உதவும். செங்குத்தான படி, கவிழும் கல் எதுவும் வேண்டாம்.

ஈரமும் குளிரும் சேர்ந்தால் சளி பிடித்து நிமோனியா வரை போகும். மூக்கில் குமிழ், வாய் திறந்து மூச்சு விடுதல் தெரிந்தால் காத்திருக்காமல் ஊர்வன தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். எப்போதும் சேற்றில் கிடக்கும் ஆமைக்கு வயிற்றுப்பக்கத்து அடி ஓடு அழுகும். தரைக்குச் சரிவு கொடுங்கள். மறைவிடத்தின் தளம் 5 செ.மீ.யாவது உயர்ந்திருக்கட்டும். மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு என்ற கலவை தோண்டவும் தோதாக இருக்கும், நீரும் வடியும். வெறும் மணல் பரப்பி அதன் மேலேயே தீனி போட்டால், இலையோடு மணலும் உள்ளே போய்க் குடல் அடைக்கும். தட்டைக் கல்லின் மேல் தீனி வையுங்கள். மறைவிடத்தில் விளக்கு வைத்துச் சூடேற்றி, பக்கத்திலேயே வைக்கோலும் போடுவது தீ விபத்துக்கு அழைப்பு. தெர்மோஸ்டாட்டுடன் (சூட்டை அளவோடு நிறுத்தும் கருவி) கூடிய, எரியும் பொருள் எட்டாதபடி திருகிப் பொருத்திய ஹீட்டர்தான் சரி.

குளிர்காலத் தூக்கம் எல்லா ஆமைக்கும் கிடையாது. ஹெர்மன், கிரேக்க, ரஷ்ய ஆமைகள் உறங்கும்; சல்காட்டா, சிறுத்தை ஆமை, செங்கால் ஆமை உறங்காது. இவற்றைக் குளிரில் விட்டால் தூங்குவதுபோல் தெரியும், உண்மையில் செத்துக்கொண்டிருக்கும்.

தண்ணீர்த் தட்டு ஆழமாக இருக்கக் கூடாது. நில ஆமைக்கு நீந்தத் தெரியாது. உள்ளே நின்றால் தண்ணீர் தாடையைத் தாண்டாத ஆழம், ஏறி இறங்கச் சரிவான விளிம்பு, இவ்வளவே தேவை. தண்ணீரிலேயே மலம் கழிக்கும் பழக்கம் உண்டு என்பதால் தினமும் மாற்றியாக வேண்டும்.

நாயைப் பற்றிப் பலர் வருத்தப்படுவது காலம் கடந்த பிறகு. ‘நம்ம நாய் ஒன்றும் செய்யாது’ என்ற நம்பிக்கையில்தான் அதிகம் நடக்கிறது. நாய்க்கு ஆமை கடிக்க வாகான ஒரு பொருள். வருடக்கணக்கில் சும்மா இருந்த நாயும் ஒருநாள் ஓட்டைக் கடித்து உடைக்கும். ஆள் பார்க்காமல் இரண்டையும் ஒன்றாக விடவே விடாதீர்கள். எலி இரவில் வந்து, அசையாமல் கிடக்கும் ஆமையின் காலைக் கொறிக்கும். குஞ்சுகளுக்குக் காகமும் எமன். அதனால் இரவு மறைவிடத்துக்குத் தாழிட்ட கதவும், குஞ்சு அடைப்புக்கு 12 மி.மீ. கண்ணியுள்ள வலைமூடியும் கட்டாயம்.

அழகுக்கு நடும் அரளி, உண்ணிச்செடி இரண்டும் நஞ்சு. அடைப்புக்குள் மட்டுமல்ல, இலை உதிர்ந்து உள்ளே விழும் தூரத்திலும் வேண்டாம். பூச்சிமருந்து அடித்த புல்லும் அப்படியே. வண்ண பிளாஸ்டிக் துண்டு, ஆணி, திருகு எது கிடந்தாலும் ஆமை வாயில் போட்டுப் பார்க்கும். கட்டுமான வேலை முடிந்ததும் மண்ணை ஒருமுறை காந்தத்தால் துழாவிவிடுங்கள்.

தனியாக இருக்கிறதே என்று இன்னொன்றை வாங்கிச் சேர்ப்பது பரிவாகத் தோன்றும், ஆனால் ஆமைக்குத் துணை தேவையில்லை. இரண்டில் வலுத்தது மற்றதைத் தீனியிலிருந்து விரட்டும், காலைக் கடிக்கும், கவிழ்க்கும். ஒதுங்கியே கிடக்கும் ஆமை ‘சாது’ அல்ல, அச்சத்தில் இருக்கிறது. வெவ்வேறு இனங்களைச் சேர்த்தால் நோயும் பரவும். ஹெர்பிஸ் வைரஸை அறிகுறியே இல்லாமல் சுமக்கும் ஆமை, பக்கத்தில் இருப்பதைக் கொன்றுவிடலாம்.

ஓட்டில் துளை போட்டுக் கயிறு கட்டும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஓடு உயிருள்ள எலும்பு; அதில் நரம்பும் இரத்த ஓட்டமும் உண்டு. துளைத்தால் வலிக்கும், சீழ் பிடிக்கும். அடையாளத்துக்குப் பெயின்ட் அடிப்பதும் வேண்டாம். மைக்ரோசிப் பொருத்தலாம். அடியோட்டைப் படம் எடுத்து வைத்தாலே போதும். அதிலுள்ள கோலம் ஆமைக்கு ஆமை மாறும். வளரும் ஆமைக்கு ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் படத்தைப் புதிதாக எடுங்கள்.

புல்வெட்டும் இயந்திரத்தை இயக்கும் முன்பும், சருகுக் குவியலுக்குத் தீ வைக்கும் முன்பும் ஆமை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். குவிந்த சருகுக்குள் புகுந்து படுப்பது அதன் இயல்பு.