பிறந்தநாள் வீட்டில் பிள்ளைகளுக்கு விதி சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் பிறந்த பிள்ளைகளின் பிறந்தநாளை வாசலில் வைத்துக் கொண்டாட முடியாது. வடகிழக்குப் பருவமழை இங்கேயும் குன்னூரிலும் வலுவாகவே பெய்யும். மழை விட்டாலும் சாயங்காலம் பனிமூட்டம் இறங்கிவிடும். இருபது பிள்ளைகள், ஒரே முன்னறை, நனைந்த ஸ்வெட்டர்கள். தள்ளுமுள்ளும் அழுகையும் அங்கேதான் ஆரம்பிக்கும். என் மகளுக்கும் கார்த்திகையில்தான் பிறந்தநாள். நான்கைந்து வருடம் தப்பாகச் செய்த பிறகே சில விஷயங்கள் எனக்குப் பிடிபட்டன.

அழுகை கிளம்பிய பிறகு விதி சொல்வது முதல் தவறு. அந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் திட்டு மாதிரிதான் காதில் விழும். வந்ததும் உட்கார வைத்து, கையில் வர்க்கி பிஸ்கட்டும் சூடான பாலும் கொடுத்து, அப்போதே சொல்லிவிட வேண்டும். அதிலும் ஓடாதே, கத்தாதே, பிடுங்காதே என்று அடுக்கினால் ஒன்றும் மனதில் நிற்காது. "பலூன் வேணும்னா கேட்டு வாங்கிக்கோங்க", "ஓரமா நிக்கிறவங்களையும் ஆட்டத்துல சேர்த்துக்கோங்க" என்று செய்ய வேண்டியதைச் சொன்னால் அஞ்சு வயசுப் பிள்ளைக்கும் புரிகிறது.

ஒரே ஒரு 'கூடாது' மட்டும் வைத்திருக்கிறேன். யார் பேசுவதையும் பேசிக் காட்டக் கூடாது. எங்கள் பக்கம் வீட்டில் படுக மொழி, மலையாளம், கன்னடம் பேசுகிற பிள்ளைகள் உண்டு. தேயிலைத் தோட்ட வேலைக்கு ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இப்போது கூடவே படிக்கிறார்கள். ஒரு வருடம் அப்படி ஒரு பையன் தண்ணீர் கேட்டதை நாலு பேர் அதே மாதிரி சொல்லிச் சிரித்தார்கள். சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்று நானும் விட்டுவிட்டேன். அப்புறம் அவன் வாயே திறக்கவில்லை. கேக்கைக்கூடத் தொடவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஒரு பிள்ளை தப்பு செய்தால் பெயர் சொல்லி எல்லார் முன்னாலும் கண்டிக்காதீர்கள். கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னால் போதும்.

பெரியவர்களுக்கு மட்டும் விதியைத் தளர்த்துவதுதான் நான் பார்த்ததில் பெரிய தவறு. ஒருவர் மேல் ஒருவர் கை வைக்காமல் விளையாடுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, மாமாவும் சித்தப்பாவும் பிறந்தநாள் குழந்தையின் முகத்தில் கிரீமை அப்புவார்கள். கண் எரிந்து அது அழும்போது சுற்றி நின்று வீடியோ எடுப்போம். இதைப் பார்க்கிற பிள்ளை நாம் சொன்னதை எப்படி நம்பும்? ஸ்னோ ஸ்ப்ரேவும் வேண்டாம். பல டப்பாக்களில் இருப்பது எளிதில் தீப்பிடிக்கும் வாயு. பக்கத்திலேயே மெழுகுவத்தி எரிந்துகொண்டிருக்கும். "அண்ணா, இந்தத் தடவை கேக் பூச வேண்டாம், பாப்பாவுக்குப் பிடிக்கலை" என்று நான் முதல் நாளே போனில் சொல்லிவிடுவேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

பரிசுகளை எல்லார் முன்னாலும் பிரிக்க விடாதீர்கள். ரிமோட் கார் கொண்டு வந்தவனுக்குப் பக்கத்தில் பென்சில் பாக்ஸ் கொண்டு வந்தவள் நிற்பாள். இரண்டு கையாலும் வாங்கி, பெயர் சொல்லி நன்றி சொல்ல மகளுக்குப் பழக்கியிருக்கிறோம். பிரிப்பதெல்லாம் எல்லாரும் போன பிறகுதான். ஆட வராத பிள்ளையை "ஆடு, ஆடு" என்று நடுவில் இழுத்து விடுவதும் வேண்டாம்.

இன்னொன்று, முக்கியமான உறவினர் வரட்டும் என்று கேக் வெட்டுவதைத் தள்ளிக்கொண்டே போவது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள் இருட்டுவதற்குள் கிளம்பியாக வேண்டும். தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும், கரடியும் வரும். அவர்கள் கேக் சாப்பிடாமலே பஸ் பிடிக்க ஓடியதை ஒருமுறை பார்த்த பிறகு நேரத்தை மாற்றிவிட்டோம். இப்போதெல்லாம் நாலு மணிக்கே கேக் வெட்டிவிடுகிறோம். வேலை முடிந்து ஏழு மணிக்கு வருகிற சித்தப்பாவுக்கு ஒரு துண்டு தட்டுப் போட்டு மூடியிருக்கும்.