எதிர்ப்பொருள் திரட்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடலின் தற்காப்புப் புரதமான எதிர்ப்பொருள், ஒரு செல்லின் மேற்பரப்பில் தனக்கு இலக்காக உள்ள ஆன்டிஜென் என்னும் பொருளைப் பற்றிக்கொள்வது வேறு. அப்படிப் பற்றிக்கொண்டதன் விளைவாகச் செல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கண்ணுக்குத் தெரியும்படி திரள்வது வேறு. முதலாவது நிகழ்ந்தால் இரண்டாவதும் நிகழ்ந்தே தீரும் என்று எண்ணுவதுதான் இப்பகுதியைப் படிப்பவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை. ஐஜிஜி என்னும் எதிர்ப்பொருள் வகையின் ஒரு மூலக்கூறைப் பப்பெயின் என்னும் நொதியால் வெட்டினால், ஆன்டிஜெனைப் பற்றும் அதன் இரு கைகளும் தனித்தனித் துண்டுகளாகப் பிரிந்துவிடும். அத்துண்டுகள் முன்போலவே செல்லைப் பற்றும். ஆனால் எவ்வளவு சேர்த்தாலும் செல்கள் திரள்வதில்லை. ஒரு கை ஒரு செல்லையும் மறு கை வேறொரு செல்லையும் பிடித்துப் பாலம் அமைத்தால்தான் திரட்சி உண்டாகும்.

திரட்சியை இரத்தம் உறைதலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதும் பரவலாகக் காணப்படும் தவறு. உறைதலில் ஃபைப்ரினோஜென் என்னும் இரத்தப் புரதம் ஃபைப்ரின் இழைகளாக மாறுகிறது. அதற்குக் கால்சியமும் உறைதல் காரணிகளும் வேண்டும். திரட்சிக்கு இவற்றுள் எதுவும் தேவையில்லை. உப்புக் கரைசலில் கழுவியெடுத்த சிவப்பணுக்களோடு உரிய எதிர்ப்பொருளைச் சேர்த்தாலே போதும். அதேபோல, கரைந்த நிலையிலுள்ள ஆன்டிஜென் எதிர்ப்பொருளோடு சேர்ந்து படிவதை வீழ்படிவாதல் என்றுதான் சொல்ல வேண்டும். செல், பாக்டீரியா, லேட்டெக்ஸ் மணி போன்ற துகள்கள் சேர்வதே திரட்சி.

எல்லா எதிர்ப்பொருள்களும் ஒரே அளவில் திரட்சி உண்டாக்கும் என்று கருதுவது ஆபத்தில் முடியக்கூடும். சிவப்பணுக்களின் மேற்பரப்பிலுள்ள சியாலிக் அமிலம் அவற்றுக்கு எதிர்மின்சுமையைத் தருவதால், உப்புக் கரைசலில் அவை ஒன்றையொன்று விலக்கி இடைவெளிவிட்டே மிதக்கின்றன. பத்துப் பிணைப்பு இடங்களைக் கொண்ட ஐஜிஎம் என்னும் பெரிய எதிர்ப்பொருள் அந்த இடைவெளியை எளிதாக எட்டிவிடுகிறது. ஏ, பி வகைக்கான இரத்தப் பரிசோதனையில் திரட்சி உடனடியாகத் தெரிவதற்கு இதுவே முக்கியக் காரணம். இரண்டே இடங்களைக் கொண்ட சிறிய ஐஜிஜிக்குப் பெரும்பாலும் அந்த எட்டு போதுவதில்லை. சிவப்பணுக்களில் காணப்படும் ஆர்எச் டி என்னும் ஆன்டிஜெனுக்கு எதிராகத் தாயின் உடலில் உருவாகும் ஐஜிஜி, நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் சிவப்பணுக்களை அழிக்க வல்லது. ஆயினும் சாதாரண உப்புக் கரைசலில் அது செல்களைத் திரளச் செய்யாமல் அமைதியாக அவற்றின்மேல் படிந்திருக்கும். இதைக் கண்டறிய உதவும் சோதனையைக் கூம்ஸ், மௌரான்ட், ரேஸ் ஆகியோர் 1945இல் வெளியிட்டனர். செல்லின்மேல் படிந்துள்ள மனித ஐஜிஜியையே குறிவைக்கும் மற்றோர் எதிர்ப்பொருளைச் சேர்த்தால், குறைபட்டிருந்த பாலம் முழுமையடைந்து செல்கள் திரள்கின்றன. அதைச் சேர்க்கும் முன் செல்களைக் கழுவுவதில் காட்டும் அவசரம்தான் இங்கே பெருங்கேடு. சீரத்தில், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில், கட்டுப்படாமல் எஞ்சும் ஐஜிஜி, சேர்க்கப்படும் எதிர்ப்பொருளைச் செல்லை எட்டும் முன்பே பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும். முடிவு பொய்யாக எதிர்மறை என்று வரும். அதனால்தான் எதிர்மறை முடிவு வந்த ஒவ்வொரு குழாயிலும், ஏற்கெனவே ஐஜிஜி பூசப்பட்ட செல்களைச் சேர்த்து, அவை திரள்கின்றனவா என்று பார்க்க வேண்டும். திரளாவிட்டால் அந்த முடிவு செல்லாது.

எதிர்ப்பொருள் அதிகமாக இருந்தால் திரட்சியும் அதிகமாக இருக்கும் என்பதும் சரியன்று. எதிர்ப்பொருள் மிதமிஞ்சியிருக்கும்போது ஒவ்வொரு ஆன்டிஜெனையும் தனித்தனி மூலக்கூறு பிடித்துக்கொள்வதால், அடுத்த செல்லைப் பற்றிக்கொள்ள மறு கைக்கு இடம் கிடைப்பதில்லை. புரோசோன் எனப்படும் இந்நிலை புருசெல்லா என்னும் பாக்டீரியாவுக்கான சோதனையில் நன்கு அறியப்பட்டது: சீரத்தைப் படிப்படியாக நீர்த்து வைத்த வரிசையில், செறிவான முதல் சில குழாய்களில் ஒன்றும் தெரியாது, மேலும் நீர்த்த குழாய்களில் தெளிவான திரட்சி தெரியும். முதல் குழாயை மட்டும் பார்த்து எதிர்மறை என்று எழுதுபவர், நோயின் அறிகுறி தெளிவாக உள்ள ஒருவரைக் கைவிடுகிறார். ஐயமிருந்தால் சீரத்தை நீர்க்கச் செய்து மீண்டும் பார்ப்பதே முறை.

எதிர்த்திசையில் நேரும் பிழைகளும் உண்டு. சீரத்தில் புரதம் மிகுந்தால் சிவப்பணுக்கள் அடுக்கிய நாணயங்கள்போல் ஒட்டிக்கொள்ளும்; உப்புக் கரைசல் சேர்த்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடும், உண்மையான திரட்சி கலையாது. குளிரில் மட்டும் செயல்படும் ஐஜிஎம் எதிர்ப்பொருள்கள் 37 டிகிரி செல்சியசில் மறைந்துபோகும் திரட்சியை உண்டாக்கலாம். கண்ணாடித் தகட்டில் ஓரம் உலர்ந்த துளியைத் திரட்சி என்று படிப்பதும் அடிக்கடி நேர்வதுதான்.

கடைசியாக, குழிகள் கொண்ட தட்டைப் படிக்கும் முறை. குழியின் அடியில் செல்கள் சிறிய பொத்தான்போல் குவிந்திருப்பதைப் பார்த்துத் திரண்டுவிட்டன என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் திரளாத செல்களே அப்படி உருண்டு நடுவில் சேர்கின்றன. தட்டைச் சாய்த்தால் அவை கண்ணீர்த் துளி வடிவில் வழியும். திரண்டவை குழியின் அடி முழுவதும் பாய் விரித்ததுபோல் பரவிக் கிடக்கும். இன்ஃப்ளுயன்சா வைரஸ் எதிர்ப்பொருளின் உதவியின்றித் தானே சிவப்பணுக்களைத் திரளச் செய்யும் என்பதை ஹிர்ஸ்ட் 1941இல் காட்டினார். அதைக் கொண்டு அமைந்த திரட்சித் தடுப்புச் சோதனையில், நோயாளியின் எதிர்ப்பொருள் வைரஸை மறைத்துவிடுவதால் திரட்சி நிகழாமல் போகிறது. ஆகவே அங்கு பொத்தான் தெரிந்தால் எதிர்ப்பொருள் இருக்கிறது என்றும், பரவிய செல்கள் தெரிந்தால் போதிய அளவு இல்லை என்றும் படிக்க வேண்டும்.