களக்குறிப்புகளை ஆய்வகத்தில் சேர்ப்பது எப்படி?

மக்களிடையே போய், அவர்கள் வாழும் விதத்தைப் பார்த்தும் கேட்டும் படிப்பது சமூகப் பண்பாட்டு மானிடவியல். அதன் ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கிடையாது. நோட்டுப் புத்தகங்கள், ஒலிப்பதிவுகள், உறவுமுறை வரைபடங்கள், இவைதான் எங்கள் சொத்து. இவற்றைப் பராமரிக்கிறவள் என்ற முறையில் புதிய மாணவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பல வருடம் கழித்து, உங்களைப் பார்த்தே இராத ஒருவர் படித்தாலும் எல்லாம் புரிய வேண்டும், பேசியவர் யார் என்பது மட்டும் தெரியக் கூடாது.

களத்தில் கிறுக்கியதை அன்று இரவே விரித்து எழுதிவிடுங்கள். தூங்கி எழுந்தால் பாதி மறந்துவிடும். பேசியவர் சொன்னது வார்த்தை மாறாமல் நினைவிருந்தால் மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். நீங்கள் பார்த்தது சாதாரண வரியில், உங்கள் ஊகம் சதுர அடைப்புக்குள். "அவருக்குக் கோபம் வந்தது" என்பது ஊகம். "கேள்வி முடியும் முன்பே எழுந்து வாசலுக்குப் போனார்" என்பதுதான் பார்த்தது. இதில் நான் ரொம்பக் கறார். இரண்டும் கலந்துவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

ஒலிப்பதிவுக் கோப்பின் பெயரில் முதலில் தேதி, அப்புறம் பேசியவரின் எண். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனியாகப் பூட்டி இருக்கட்டும். மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள்.

உறவுமுறை வரைபடத்தில் ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்குச் சமக்குறி, இறந்தவர் மேல் சாய்கோடு. தகவல் கேட்பதில்தான் சூட்சுமம். ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் இடையிலுள்ள டோரஸ் நீரிணைக்கு 1898இல் போன ஆய்வுப் பயணத்தில் ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ் வகுத்த வழியை இன்றும் சொல்லித்தருகிறேன்: பெற்ற அப்பா, பெற்ற அம்மா, பிள்ளை, கணவன், மனைவி என்ற சில சொற்களை மட்டும் வைத்து, ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு வரைபடத்தை முடியுங்கள். யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதை அதன் பிறகே கேளுங்கள். பல சமூகங்களில் அப்பாவின் சகோதரர்களும் அப்பாதான். முறைப்பெயரில் தொடங்கினால் ஒரே ஆளுக்கு நாலு அப்பா வந்து நிற்பார்கள்.

பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஊருக்கே ஒரு மருத்துவச்சிதான் என்றால், என்ன பெயர் வைத்தாலும் அங்குள்ளவர்களுக்கு அவரைத் தெரிந்துவிடும். தொழிலையோ வயதையோ பொதுவாக்குங்கள். அப்படியும் மறையாவிட்டால் அந்தப் பகுதியை வெளியிட வேண்டாம்.

தன் பேச்சைப் பதிவுசெய்ய ஒப்புதல் தந்தவர் பிற்பாடு வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள். அவர் பேச்சை மூன்று பிரதியிலிருந்தும் நீக்கி, நீக்கிய தேதியைப் பதிவேட்டில் எழுதி, அவருக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.