புதிதாகப் பொரிந்த கோழிக்குஞ்சுகளுக்குத் தண்ணீர்க் குவளையும் தீவனத் தட்டும் தேர்ந்தெடுக்கும் முறை

முட்டையை உடைத்துக்கொண்டு வெளிவரும் கோழிக்குஞ்சு, அதற்குச் சற்று முன் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவின் மிச்சத்தைக் கொண்டு இரண்டு மூன்று நாட்கள் வரை தாக்குப்பிடிக்கும். இதை நம்பிப் பாத்திரங்களைத் தேடும் வேலையைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் தாக்குப்பிடிப்பது வேறு, நன்றாக வளர்வது வேறு. மேனி உலர்ந்து எழுந்து நடக்கத் தொடங்கியவுடன் தண்ணீரும் தீவனமும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டுமானால், குஞ்சு பொரிக்கும் நாளுக்கு முன்பே பாத்திரங்கள் கழுவிக் காய்ந்து தயாராக இருக்க வேண்டும். எந்தப் பாத்திரத்தைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: அலகு உள்ளே நுழைய வேண்டும், உடல் நுழையக் கூடாது.

இந்த விதி தண்ணீருக்கு மிகக் கண்டிப்பாகப் பொருந்தும். திறந்த கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குஞ்சு அதற்குள் இறங்கி நிற்கும். தூக்கக் கலக்கத்தில் தலை கவிழ்ந்தால் ஆழம் குறைந்த தண்ணீரிலும் மூழ்கிவிடும். மூழ்காமல் தப்பினாலும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. முதல் வாரத்தில் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் திறன் குஞ்சுக்கு இல்லாததால், மென்தூவி நனைந்தால் அது விரைவாகக் குளிர்ந்து சோர்ந்துவிடும். ஆகவே தண்ணீர் நிற்கும் பகுதி குறுகிய வளையமாகவும், ஏறக்குறைய ஒரு செ.மீ. ஆழத்துக்கு மிகாமலும் இருக்கட்டும். கையிலுள்ள பாத்திரம் சற்று ஆழமானது என்றால், விழுங்க முடியாத அளவுள்ள கூழாங்கற்களையோ கண்ணாடிக் கோலிகளையோ கழுவி நிரப்பி, இடுக்குகளில் மட்டும் தண்ணீர் தெரியும்படி செய்துவிடலாம்.

குஞ்சுகளுக்கு மிகவும் ஏற்றது, கவிழ்த்த குடுவையும் அதன் அடியில் தட்டும் கொண்ட குவளை என்பது என் கருத்து. குடுவையின் வாயருகே உள்ள துளையைத் தண்ணீர் மூடியவுடன் காற்று உள்ளே போக முடியாமல் ஒழுக்கு நின்றுவிடும்; குஞ்சுகள் குடித்து மட்டம் குறைந்தால் காற்று நுழைந்து மீண்டும் தண்ணீர் இறங்கும். வீட்டிலேயே பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டு இதைச் செய்பவர்கள், துளை தட்டின் விளிம்பைவிடத் தாழ்வாக இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். உயர்ந்திருந்தால் தண்ணீர் முழுவதும் வழிந்துவிடும். இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. சாய்ந்த தரையில் வைத்தால் தாழ்ந்த பக்கம் ஒழுகிக்கொண்டே இருக்கும். வெப்ப விளக்கின் நேர் அடியில் வைத்தால் குடுவைக்குள் உள்ள காற்று விரிவடைந்து தண்ணீரை வெளியே தள்ளும். குஞ்சுகளின் அடியில் தரையில் பரப்பும் கூளம் நனைவதை அற்பமாக நினைக்க வேண்டாம். ஈரமும் வெப்பமும் சேர்ந்த கூளத்தில்தான் இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணி தொற்றக்கூடிய நிலையை அடைகிறது, அம்மோனியா நெடியும் எழுகிறது.

ஐம்பது குஞ்சுகளுக்கு இரண்டு லிட்டர் குவளை ஒன்று என்ற கணக்கு முதல் வாரத்துக்குப் போதும். ஆனாலும் ஒரு பெரிய குவளையைவிட இரண்டு சிறியவற்றையே நான் பரிந்துரைப்பேன். வலிமை குறைந்த குஞ்சு ஓரிடத்தில் விரட்டப்பட்டாலும் மற்றோரிடத்தில் குடித்துக்கொள்ளும். சிவப்பு நிற அடித்தட்டு குஞ்சுகளின் கண்ணைக் கவர்கிறது. துத்தநாகம் பூசிய தகரக் குவளை நெடுநாள் உழைக்கும். ஆனால் தண்ணீரில் வினிகர் போன்ற புளிப்புப் பொருள் கலப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் பூச்சு கரைந்து தண்ணீரில் கலக்கும். அலகால் தட்டினால் சொட்டும் முனைகள் கொண்ட நிப்பிள் குழாய்கள் தண்ணீரைத் தூய்மையாக வைத்திருக்கும். அவற்றை முதல் நாள் குஞ்சின் கண் உயரத்தில் பொருத்தி, எல்லாக் குஞ்சுகளும் குடிக்கப் பழகும்வரை குவளையையும் உடன் வைத்திருப்பது பாதுகாப்பானது.

தீவனத்தில் ஆபத்து குறைவு, விரயம் அதிகம். முதல் ஓரிரு நாட்களுக்குத் தாளின் மீது தீவனத்தைத் தூவினால், தரையைக் கொத்தும் இயல்புள்ள குஞ்சுகள் எளிதில் கண்டுகொள்ளும். வழவழப்பான செய்தித்தாளில் கால்கள் வழுக்கி அகன்றுவிடுவதால், சொரசொரப்பான தாளே நல்லது. பிறகு, தலை மட்டும் நுழையும் துளைகள் கொண்ட மூடியுள்ள தட்டுக்கோ நீள்தொட்டிக்கோ மாற்றுங்கள். மூடியில்லாத தட்டில் குஞ்சுகள் ஏறி நின்று கிளறி, எச்சத்தையும் கலந்துவிடும். முதல் இரண்டு வாரங்களில் ஒரு குஞ்சுக்குத் தொட்டியின் விளிம்பில் 2.5 செ.மீ. இடம் வேண்டும், இரு பக்கமும் தின்னக்கூடிய 30 செ.மீ. தொட்டியில் 24 குஞ்சுகள் நிற்கலாம். மூன்றாம் வாரம் முதல் ஒரு குஞ்சுக்கு 5 செ.மீ. தேவைப்படும் என்பதையும் வாங்கும்போதே எண்ணிக்கொள்ளுங்கள். விளிம்பு உள்நோக்கி மடிந்திருந்தால் சிந்துவது குறையும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதிருந்தால் இன்னும் குறையும்.

முதல் நாட்களில் தரைமட்டத்தில் இருக்கும் பாத்திரங்களின் விளிம்பு, பிறகு எப்போதும் குஞ்சின் முதுகு உயரத்தில் இருக்கும்படி, பலகையோ செங்கல்லோ வைத்து வளர்ச்சிக்கேற்ப உயர்த்திவர வேண்டும். அடியில் வைப்பது ஆடாமல் இருக்கட்டும். கவிழும் குவளையின் கீழ்க் குஞ்சு சிக்கிக்கொள்ளும். தண்ணீர்க் குவளையை நாள்தோறும் தேய்த்துக் கழுவ வேண்டியிருப்பதால், கை நுழையாத மூலைகள் கொண்ட குவளை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். உட்சுவரில் படியும் வழவழப்பை வெறும் அலசல் நீக்காது.

காடைக்குஞ்சுகள் மிகச் சிறியவை என்பதால் அவற்றுக்குத் தண்ணீர் வளையம் இன்னும் குறுகலாக, கூழாங்கற்களுடன் இருக்க வேண்டும். வாத்துக்குஞ்சுகளுக்கு நிலை நேர்மாறானது: நாசித் துளைகளை அவை கழுவிக்கொள்ள வேண்டியிருப்பதால், அலகு முழுவதும் அமிழும் ஆழம் தேவை, ஆனால் அவற்றுக்கும் உடல் உள்ளே போகாதபடி தண்ணீரின் மேல் கம்பித் தடுப்பு வைத்துவிடுங்கள்.