சூடான என்ஜினும் அடம்பிடிக்கும் ஆட்டோபைலட்டும்: சிறு விமானங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்ரோல் நிரப்ப இறங்கி அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வருகிறீர்கள். காலையில் ஒரே சுற்றில் பிடித்த என்ஜின் இப்போது சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. பெரும்பாலும் என்ஜினில் எந்தப் பழுதும் இருக்காது. உள்ளே என்ன நிலைமை என்று தெரியாமல் கைவைப்பதுதான் சிக்கல்.

பறக்கும்போது என்ஜினைக் குளிர வைப்பது காற்று. அணைத்தவுடன் அது நின்றுவிடுகிறது. சிலிண்டர்களின் சூடு வெளியேற வழியின்றி என்ஜின் மூடிக்குள்ளேயே பரவுகிறது. ஃபியூல் இஞ்செக்‌ஷன் உள்ள லைக்காமிங் நிறுவன என்ஜின்களில் சிலிண்டர்களுக்கு மேலே போகும் மெல்லிய குழாய்களில் நிற்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிறது. அதில் கொஞ்சம் சிலிண்டர் பக்கமும் தள்ளப்படுகிறது. அதாவது குழாயில் ஆவி, சிலிண்டர் வாசலில் ஏற்கெனவே பெட்ரோல். இந்த நிலையில் காலையில் செய்ததுபோல மறுபடியும் ப்ரைம் செய்வதுதான், அதாவது ஸ்டார்ட் செய்யும் முன் கொஞ்சம் பெட்ரோலை உள்ளே அனுப்புவதுதான், முதல் தவறு. பெட்ரோல் அளவுக்கு மீறிச் சேர்ந்து ஓவர்ஃப்ளோ ஆகிவிடும். லைக்காமிங்கில் வழக்கமான முறை வேறு: மிக்ஸ்சரை (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் லீவர்) முழுதாக மூடி, பெட்ரோல் பம்ப்பைப் போடாமல், த்ராட்டிலை (காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் லீவர்) அரை அங்குலம் திறந்து ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். பிடித்ததும் மிக்ஸ்சரை நிதானமாக முன்னே தள்ளுங்கள்.

இன்னொருவர் சொன்னார் என்று வேறு என்ஜினின் முறையைக் கடன் வாங்குவது அடுத்த தவறு. கான்டினென்டல் என்ற இன்னொரு நிறுவனத்தின் பல என்ஜின்களில் பம்ப்பிலிருந்து டேங்குக்குத் திரும்பும் குழாய் உண்டு. அதனால் மிக்ஸ்சரை மூடி, பூஸ்ட் பம்ப்பை (மின்சாரத்தில் ஓடும் பெட்ரோல் பம்ப்) ஒரு நிமிடம் போல ஓடவிட்டால், ஆவி டேங்குக்குப் போய் குளிர்ந்த பெட்ரோல் அந்த இடத்துக்கு வரும். அந்தத் திரும்பும் குழாய் இல்லாத என்ஜினில் இதைச் செய்து பயனில்லை. உங்கள் விமானத்தின் கையேடு என்ன சொல்கிறதோ அதுவே முடிவு.

ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது என்று தெரிந்தால் மிக்ஸ்சரை மூடி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து சுற்றுங்கள். பிடித்த கணமே த்ராட்டிலை இழுத்துவிட வேண்டும், மறக்கவே கூடாது. கார்புரேட்டர் என்ஜினில் த்ராட்டிலை மாறி மாறி அமுக்குவது ஆபத்தானது. வழிந்த பெட்ரோல் தீப்பிடிக்கலாம். ஸ்டார்ட்டரை நிறுத்தாமல் அரைக்கவும் வேண்டாம். பத்து நொடி சுற்றினால் போதும், அப்புறம் அது ஆறட்டும்.

ஆட்டோபைலட்டிலும் இதே கதைதான், ஆனால் நடப்பது வானத்தில். எந்த மோடில் இருக்கிறது என்று பார்க்காமல் விமானத்தோடு மல்லுக்கட்டுவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. உயரத்தைப் பிடித்து வைக்கும் மோடில் இருக்கும்போது யோக்கை (கையால் ஓட்டும் பிடி) இழுக்கிறீர்கள் என்று வையுங்கள். தானியங்கி ட்ரிம் (கையால் பிடிக்காமலே மூக்கை ஒரு நிலையில் நிறுத்தும் அமைப்பு) உள்ள ஆட்டோபைலட், உங்கள் இழுப்பைச் சமன்செய்ய மூக்கைக் கீழே தள்ளும் பக்கமாக ட்ரிம்மை ஓட்டிக்கொண்டே போகும். நீங்கள் இன்னும் பலமாக இழுப்பீர்கள், அதுவும் இன்னும் ஓட்டும். கடைசியில் ஆட்டோபைலட்டை அணைத்தால் அந்த முழு பாரமும் உங்கள் கையில் வந்து விழும். முதலில் அணைக்க வேண்டும், பிறகுதான் ஓட்ட வேண்டும்.

ஏறும் வேகத்தை மட்டும் கொடுத்துவிட்டு மறந்துவிடுவதும் அப்படித்தான். நிமிடத்துக்கு 700 அடி என்று கேட்டால், என்ஜினுக்குத் தெம்பு குறைந்த உயரத்திலும் ஆட்டோபைலட் மூக்கைத் தூக்கிக்கொண்டே போகும். காற்றுவேகம் தேய்ந்து ஸ்டால் (இறக்கைகள் தூக்கும் சக்தியை இழக்கும் நிலை) வரை கொண்டுபோய் விடக்கூடும். ஏறும்போது கண் வேகமானியில் இருக்கட்டும்.

நேவிகேஷன் மோடில் விமானம் வேறெங்கோ திரும்பினால், ஜிபிஎஸ், விஓஆர் (தரையிலிருந்து வழிகாட்டும் ரேடியோ) இரண்டில் எது இணைக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஹெடிங் பக்கை (போக வேண்டிய திசையைக் குறிக்கும் அடையாளம்) நேராக்காமல் ஹெடிங் மோடைப் போட்டிருப்போம், அதுவும் சகஜம். எல்லாம் சரியாக இருந்தும் இடம் வலமாக ஆடிக்கொண்டே போனால், டர்ன் கோஆர்டினேட்டரை (திரும்பும் வேகத்தைக் காட்டும் கருவி) நம்பி இயங்கும் மாடல்களில் அந்தக் கருவி தளர்ந்திருக்கலாம். மேலும் கீழுமாக ஆடினால் ஸ்டாடிக் குழாய் (உயரமானிக்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுவரும் குழாய்) கசிவு, கேபிள் இழுவிசை, சர்வோ (ஆட்டோபைலட்டுக்காகக் கேபிளை இழுக்கும் மோட்டார்) ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். மெக்கானிக்கிடம் "சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், எந்த மோடில், எந்த வேகத்தில், எத்தனை நொடிக்கு ஒருமுறை ஆடுகிறது என்று எழுதிக் கொடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கிளம்பும் முன் தரையிலேயே ஆட்டோபைலட்டைப் போட்டு, யோக்கைக் கையால் மீற முடிகிறதா, சிவப்புப் பொத்தான் அணைக்கிறதா, ட்ரிம் சக்கரம் நிற்கிறதா என்று பாருங்கள். ஆட்டோபைலட்டின் சர்க்யூட் பிரேக்கர் எங்கே இருக்கிறது என்று தொட்டும் பாருங்கள். இதில் ஒன்று தவறினாலும் அந்தப் பிரேக்கரை இழுத்துவிட்டு, அன்றைக்குக் கையால் ஓட்டுங்கள்.