மீன் விடாமல் புதுத் தொட்டியைப் பழக்குவது: நம்ம மலைக்குளிருக்கு ஏற்ற முறை

ஹட்டனில் நான் வாங்கிய முதல் தொட்டியில் காலையில் தண்ணீர் நிரப்பி, மாலையிலேயே எட்டு கப்பி மீன் விட்டேன். ஐந்தாம் நாள் ஒன்றும் மிச்சமில்லை. தண்ணீர் என்னவோ பளிங்கு மாதிரித்தான் இருந்தது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவுக்கு நிறம் கிடையாதே! அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பொஞ்சில் குடியேற வாரக்கணக்கில் ஆகும். மீன் வருமுன்பே அவற்றைக் குடியேற்றுவதைத்தான் சைக்கிளிங் என்கிறோம். கொழும்பு வெக்கையில் நாலு முதல் ஆறு வாரத்தில் முடிகிற காரியம் இது. நமக்கு இரண்டு இடைஞ்சல்கள் கூடுதல்: குளிர், சுண்ணச் சத்து குறைந்த மென்னீர்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியை வைத்துச் சொல்கிறேன். விளிம்பு விட்டு நிரப்பினால் 50 லீட்டர் பிடிக்கும்.

முதலில் தண்ணீர். டவுன் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினைப் போக்க வாயகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள். மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீருக்கு அது தேவையில்லை. ஆனால் தேயிலை மலைக்குக் கீழே வரும் பீலி என்றால், மருந்தடித்த வாரத்தில் பிடிக்க வேண்டாம்.

அடுத்து ஹீட்டர். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையே 16 பாகை செல்சியஸ் அளவுதான். அந்தக் குளிரில் பக்டீரியா சாகாது, ஆனால் பெருகுவது ஆமை வேகம். 100 வாட் ஹீட்டர் போட்டு 26 பாகையில் வையுங்கள். மேலே கண்ணாடி மூடி அவசியம், இல்லாவிட்டால் சூடெல்லாம் ராத்திரியோடு போய்விடும். தொட்டிக்குள் கை விடுமுன் ப்ளக்கைக் கழற்றிவிடுங்கள். ஃபில்டர் இரவு பகலாக ஓட வேண்டும். கரண்ட் பல மணி நேரம் போனால் ஸ்பொஞ்சில் உள்ளவை ஒட்சிசன் இல்லாமல் திணறும்.

இனிப் பக்டீரியாவுக்குச் சாப்பாடு. சைக்கிளிங்குக்கென்றே விற்கும் அமோனியாப் போத்தல் கிடைத்தால், லீட்டருக்கு 2 மில்லிகிராம் வருமளவு ஊற்றலாம். கிடைக்காவிட்டால் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போதும். அது அழுகி அமோனியாவாக மாறச் சில நாள் எடுக்கும், கொஞ்சம் நாறவும் செய்யும். தோட்டத்தில்தான் யூரியா இருக்கிறதே என்று கேட்காதீர்கள். ஒரு தேக்கரண்டி யூரியா உங்கள் 50 லீட்டரில் லீட்டருக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் அமோனியாவாக மாறக்கூடியது. ஐந்தைத் தாண்டினாலே பக்டீரியாவுக்குச் சிரமம்.

சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டால் ஒன்றுவிட்டு ஒருநாள் பாருங்கள். முதலில் அமோனியா ஏறும். அது இறங்கத் தொடங்கும்போது நைட்ரைட் ஏறும். கடைசியில்தான் நைட்ரேட்.

இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். இரண்டாம் முறை நாலாவது வாரத்தில் நைட்ரைட் டெஸ்ட் கடும் ஊதா. பத்து நாளாக அதே ஊதா. தற்செயலாக பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு; 7க்குக் கீழே அமிலம்) பார்த்தால் 6. நம் வீட்டுக் கேத்தலைத் திறந்து பாருங்கள், உள்ளே வெள்ளைப் படிவு அநேகமாக இருக்காது. யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் வீட்டுக் கேத்தலில் சுண்ணாம்பு பூசியது போல் இருக்கும். நம் மலைத் தண்ணீரில் அந்தச் சுண்ணச் சத்து குறைவு. அமோனியாவைத் தின்னும் பக்டீரியா அமிலத்தையும் உண்டாக்குகிறது. அதைத் தாங்கும் காரச் சத்து தண்ணீரில் தீர்ந்ததும் பிஎச் சரிந்து, வேலை அப்படியே நின்றுவிடும்.

வைத்தியம் சமையலறையிலேயே இருக்கிறது. ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். 50 லீட்டருக்கு அது சில வாரம் தாங்கும்; பிஎச் 7க்குக் கீழே இறங்கினால் இன்னும் அரைக் கரண்டி. எனக்கு மூன்றே நாளில் ஊதா வெளிறத் தொடங்கியது. அப்புறம் கோழித் தீனிக் கடையில் வாங்கிய சிப்பி ஓட்டுத் துண்டுகளை நன்றாகக் கழுவி, வலைப்பையில் கட்டி ஃபில்டர் பக்கத்தில் போட்டுவிட்டேன்.

அவசரப்படுகிறவர்கள் நண்பரின் பழைய தொட்டியிலிருந்து ஒரு துண்டு ஸ்பொஞ்சை அதே தண்ணீரோடு பையில் வாங்கி வரலாம். காத்திருக்கும் நாட்களில் பாதி மிச்சம். நோயில்லாத தொட்டியா என்று மட்டும் பாருங்கள்.

எப்போது முடிந்தது என்று அறிய, போத்தல்காரர்கள் மறுபடி 2 மில்லிகிராம் ஊற்றி, 24 மணி நேரம் கழித்துப் பார்க்கட்டும். அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூச்சியமாக இருந்தால் சரி. தீனி போட்டவர்கள், சிட்டிகையை நிறுத்தாமலே தொடர்ந்து நாலு நாள் இரண்டும் பூச்சியமா என்று பாருங்கள். பிறகு சேர்ந்திருக்கும் நைட்ரேட் போக முக்கால்வாசித் தண்ணீரை மாற்றி, புதுத் தண்ணீரையும் 25 பாகைக்குக் கொண்டுவந்து, மறுநாளே நாலு கப்பி விடலாம். தள்ளிப்போட்டால் பக்டீரியா பட்டினி.

ஸ்பொஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மட்டும் பிழியுங்கள். எங்கள் அம்மா ஒருமுறை, நாறுகிறதே என்று சவர்க்காரம் போட்டு வெளுவெளுவென்று துவைத்துக் கொடியில் காயப் போட்டிருந்தார். மறுபடி முதலாம் நாள்.