எலக்ட்ரிக் கார் வாங்குறதா, லீஸ் எடுக்குறதா? நான் ஷீட் போட்டுப் பாத்த கதை

மூணு வாரமா எங்க வீட்ல இதே பேச்சு தான். பெட்ரோல் கார் எடுத்தப்போ இவ்ளோ யோசிக்கல, புடிச்சிருந்துது, லோன் போட்டோம், எடுத்துட்டோம். எலக்ட்ரிக்னு வந்ததும் ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. "லீஸ்னா வாடகை மாதிரி, கட்டின காசெல்லாம் போச்சு"ன்னு ஒரு கோஷ்டி, "பேட்டரி போச்சுன்னா மொத்தமும் அம்பேல், லீஸ் தான் புத்திசாலித்தனம்"னு இன்னொரு கோஷ்டி. கேட்டுப் பாத்தா ரெண்டு கோஷ்டியிலயும் ஒருத்தர் கூட கணக்கு போட்டுப் பாக்கல. கடைசியில நானே உக்காந்து போட்டேன், அதைத் தான் படிப்படியா எழுதுறேன். லீஸ்னா இங்க, மாசா மாசம் காசு கட்டி காரை ஓட்டிட்டு, சொன்ன மாசம் முடிஞ்சதும் லீஸ் கம்பெனிக்கே திருப்பிக் கொடுத்துடுறது. இஎம்ஐ, இன்சூரன்ஸ்னா என்னன்னு எல்லாம் விளக்கப் போறதில்ல.

படி 1: நாலு நம்பரை வாங்குங்க

ஷோரூம்ல போய் லீஸ்னு சொன்னதும் "மாசம் இவ்ளோ தான் சார்"னு ஒரே ஒரு நம்பரை நீட்டுவாங்க. அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. உங்களுக்கு வேணும்கிறது நாலு: பேரம் பேசி முடிச்ச கார் விலை, ரெசிடுவல் வேல்யூ (லீஸ் முடியிற அன்னிக்கு காரோட மதிப்பு இவ்ளோ இருக்கும்னு லீஸ் கம்பெனி இன்னிக்கே எழுதி வெக்கிற தொகை), எத்தனை மாசம், வட்டி. எனக்கு நாலாவதை மட்டும் ரெண்டு நாள் இழுத்தடிச்சு தான் சொன்னாங்க, அதுவும் 0.0025னு. இவ்ளோ சின்ன வட்டியான்னு சந்தோஷப்பட்டது என் முட்டாள்தனம். அதுக்குப் பேரு மனி ஃபேக்டர், 2400ஆல பெருக்கினா தான் வருஷ வட்டி வரும். 0.0025 x 2400 = 6 சதவீதம்.

கையோட இன்னொண்ணு, லீஸுக்கும் கார் விலையில பேரம் பேசலாம், நிறைய பேர் பேசுறதே இல்ல.

படி 2: மாசத் தொகையை நீங்களே போட்டுப் பாருங்க

நான் வழுக்கி விழுந்த இடம் இது தான், அதனால கொஞ்சம் மெதுவா போறேன்.

கார் விலை 100னு வைங்க (உங்க ஊர்க் காசுல எதுவா வேணா இருக்கட்டும்), 36 மாசம், ரெசிடுவல் 55. அப்போ மூணு வருஷத்துல நீங்க "தேய்ச்சது" 45. அதை 36ஆல வகுத்தா மாசம் 1.25. இது வரைக்கும் எனக்குப் புரிஞ்சுது. அடுத்து வட்டி. நான் என்ன நினைச்சேன்னா, நாம கட்டப் போறது 45 தானே, அந்த 45 குறையக் குறைய அதுக்கு மட்டும் தானே வட்டி, மூணு வருஷத்துக்கு சுமாரா 4 வரும்னு போட்டு வெச்சேன். அவங்க கொடுத்த மாசத் தொகையோட என் கணக்கு ஒட்டவே இல்ல. ஏமாத்துறாங்கன்னு ஒரு நாள் பூரா கோவத்துல சுத்திட்டிருந்தேன்.

தப்பு என் மேல தான். காரை முழு விலை கொடுத்து வாங்குறது லீஸ் கம்பெனி, அவங்க பணம் முதல் நாள் 100 மாட்டியிருக்கு, கடைசி நாள்லயும் 55 மாட்டியிருக்கு. நீங்க அந்த மொத்தப் பணத்துக்கும் வட்டி கட்டுறீங்க. அதனால ஃபார்முலா இப்படி: (கார் விலை + ரெசிடுவல்) x மனி ஃபேக்டர். கழிக்கிறது இல்ல, கூட்டுறது. 155 x 0.0025 = மாசம் 0.3875, மூணு வருஷத்துக்கு 13.95. என் 4 எங்க, இந்த 13.95 எங்க! ரெண்டையும் கூட்டினா மாசம் 1.6375, மூணு வருஷத்துல 58.95 கையை விட்டுப் போகும். வரி, ஃபீஸ் தனி.

ஆன்லைன்ல லீஸ் கால்குலேட்டர் ஏகப்பட்டது கிடக்கு, எனக்கு ஒண்ணு கூட புடிக்கல. பாதிக்கு மேல ரெசிடுவலை அதுவே ஒரு நம்பர் போட்டு நிரப்பிடுது, நமக்கு முக்கியமே அது தான். ஒரு சாதாரண ஸ்ப்ரெட்ஷீட்ல அஞ்சு வரி போதும்.

படி 3: அதே காரை வாங்கினா?

அதே 100, அதே 6 சதவீதம், முன்பணம் இல்லாம 36 மாச லோன். இஎம்ஐ 3.04, மொத்தம் 109.5. லீஸை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, ஆனா முடிவுல கார் உங்க கையில இருக்கு. அதை மூணு வருஷம் கழிச்சு எவ்ளோக்கு விக்க முடியும்கிறதுல தான் மொத்த விஷயமும் இருக்கு. 109.5ல இருந்து 58.95ஐ கழிச்சா சுமார் 50.5. கார் அதுக்கு மேல வித்தா வாங்கினவருக்கு லாபம், கீழ போனா லீஸ் எடுத்தவருக்கு லாபம்.

*(அப்டேட்: இதைப் படிச்சுட்டு ஒருத்தர் சரியா புடிச்சாரு. "லோன்ல மாசா மாசம் கூடுதலா கட்டுற 1.4ஐ வேற எதுலயாவது போட்டிருந்தா அதுவும் வளருமே, அதை ஏன் விட்டீங்க?"ன்னு கேட்டாரு. உண்மை தான். அந்தப் பணத்துக்கும் 6 சதவீதம் போட்டா லாபம் யாருக்குன்னு பிரிக்கிற அந்தக் கோடு 50.5ல இருந்து 55க்கு ஏறிடுது, அதாவது கிட்டத்தட்ட ரெசிடுவலே தான். அப்புறம் எதுக்கு இவ்ளோ கணக்குன்னு எனக்கே தோணுச்சு. லீஸ் வட்டியும் லோன் வட்டியும் ஏறக்குறைய ஒண்ணா இருந்தா ஒரே ஒரு கேள்வி தான்: அவங்க எழுதின ரெசிடுவலை விட கார் அதிகமா விக்குமா, கம்மியா விக்குமா?)*

படி 4: ரெசிடுவலை நம்பலாமா

பெட்ரோல் கார்ல இதை ஓரளவு கண்ணை மூடிட்டு சொல்லிடலாம். எலக்ட்ரிக்ல அப்படி இல்ல. லித்தியம் பேட்டரி பேக் 2010 வாக்குல ஒரு கிலோவாட் ஹவருக்கு (பேட்டரில எவ்ளோ கரண்ட் சேமிக்கலாம்கிறதோட அளவு) 1000 டாலருக்கு மேல இருந்துது, 2024ல சராசரி 115 டாலர் பக்கம் வந்துடுச்சு. புது காரோட விலை இறங்குனா நேத்து வாங்கின காரோட விலையும் கூடவே இறங்கும். 2023 ஜனவரில டெஸ்லா புது கார் விலையை சில மாடல்ல 20 சதவீதம் வரைக்கும் குறைச்சதும், ஏற்கனவே வாங்கி வெச்சிருந்தவங்க காரோட மதிப்பும் சேந்து சரிஞ்சுது. 2024 ஜனவரில ஹெர்ட்ஸ் வாடகைக் கம்பெனி சுமார் 20,000 எலக்ட்ரிக் காரை விக்கப் போறதா அறிவிச்சதுக்கு ஒரு காரணமே இந்த மதிப்பு இறக்கம் தான். சார்ஜிங் பிளக் வேற மாறுது. பழைய நிசான் லீஃப்ல இருக்கிற சாடெமோங்கிற பிளக் ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் ஓரங்கட்டப்பட்டுச்சு.

சரி, எப்படி செக் பண்றது? யூஸ்டு கார் சைட்ல அதே மாடல், மூணு வருஷம் பழசு, ஒரு பத்து விளம்பரம் எடுங்க. அது புதுசா வித்தப்போ என்ன விலையோ அதால வகுங்க, இன்னிக்குப் புது விலையால வகுக்காதீங்க. விளம்பரத்துல போடுறது கேக்குற விலை தான், விக்கிற விலை இல்ல, அதனால கொஞ்சம் குறைச்சுக்கோங்க. எனக்கு 47 பக்கம் வந்துது, அவங்க எழுதினது 55. நான் லீஸ் எடுத்தேன். எட்டு பாயிண்ட் நஷ்டத்தை அவங்களே சுமக்கட்டும்.

அரசாங்க மானியம் ஏதாவது இருந்தா லீஸ்ல அது காரோட ஓனரான லீஸ் கம்பெனிக்குப் போகலாம். உங்க கணக்குல கழிச்சாங்களான்னு எழுத்துல கேளுங்க.

படி 5: கிலோமீட்டர், முன்பணம், வெளிய வர்ற வழி

லீஸ்ல வருஷத்துக்கு இவ்ளோ கிலோமீட்டர்னு ஒரு எல்லை இருக்கும், தாண்டினா ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காசு. பழைய சர்வீஸ் பில்லை எடுத்து நிஜமா எவ்ளோ ஓட்டுறீங்கன்னு பாருங்க, மனசுல இருக்கிற நம்பர் எப்பவும் கம்மியா தான் இருக்கும். எலக்ட்ரிக் வந்தா இன்னும் கூட ஓட்டுவீங்க, ஓட்ட செலவு கம்மிங்கிறதால. எனக்கு அது தான் நடக்குது.

லீஸுக்கு பெரிய முன்பணம் வேண்டாம். மாசத் தொகை அழகா தெரியும், ஆனா ரெண்டாவது மாசமே கார் ஆக்சிடெண்ட்ல மொத்தமா போச்சுன்னா இன்சூரன்ஸ் பணம் ஓனருக்குப் போகும், உங்க முன்பணம் பெரும்பாலும் திரும்பாது. நடுவுல லீஸை உடைக்கவும் செலவு அதிகம், மூணு வருஷத்துக்குள்ள வேலை, ஊரு எதுவும் மாறலாம்னா வாங்கி வித்துடுறதே மேல்.

பேட்டரி பயத்துக்கு வருவோம். பெரும்பாலான கம்பெனி 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்ட்டி தர்றாங்க, பேட்டரியோட கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழ போனா சரி பண்ணியோ மாத்தியோ தரணும்னு தான் பொதுவா இருக்கும். அதனால பேட்டரிக்குப் பயந்து மட்டும் லீஸ் எடுக்க வேண்டாம். எட்டு, பத்து வருஷம் ஒரே காரை ஓட்டுற ஆளா இருந்தா தயங்காம வாங்குங்க, மதிப்பு அடி வாங்குறது முக்கியமா முதல் சில வருஷத்துல தான், அதுக்கப்புறம் ஓட்டுறதெல்லாம் உங்களுக்கு லாபம். என் தம்பி அப்படித் தான், போன கார் 12 வருஷம், அவனுக்கு லீஸ்னு நான் வாயே திறக்கல.

இன்னொரு அப்டேட்: ஒருத்தர் லீஸ் பேப்பரை அனுப்பி "உங்க கணக்குப்படி எனக்கும் லீஸ் தானே?"ன்னு கேட்டாரு. படிச்சுப் பாத்தா அது ஓப்பன் எண்ட் லீஸ். கடைசியில கார் ரெசிடுவலை விடக் கம்மியா வித்தா அந்த வித்தியாசத்தை அவரே கட்டணும். அப்படின்னா மேல சொன்ன எட்டு பாயிண்ட் அவர் தலையில தான் விழும், லீஸோட ஒரே நன்மையும் போச்சு. க்ளோஸ்டு எண்டா (அந்த வித்தியாசத்தை கம்பெனியே சுமக்கிறது), ஓப்பன் எண்டான்னு படி 1லயே அஞ்சாவதா கேட்டுடுங்க. இதை முதல்லயே எழுதாம விட்டது என் தப்பு, என்னோடது க்ளோஸ்டா இருந்ததால எனக்குத் தோணவே இல்ல.